மூலையில் நின்ற யானை

ஸ்னேக் என்ற ஊரின் பால் கூட்டுறவுக் கூடத்தில் அன்று ஆறு மனிதர்களும் ஆறு கம்ப்யூட்டர்களும் செஸ்ஸில் மோதினார்கள். ஐந்து பலகைகள் முடிந்து இரண்டரைக்கு இரண்டரை. மிச்சம் இருந்தது ஹில்கே போஸ்ட்மாவின் ஆட்டம் மட்டும்தான்.

ஹில்கேவுக்கு வாய் சும்மா இருக்காது. போன வாரம் உள்ளூர்ப் பேப்பர்காரனிடம், "அது வெறும் கூட்டல் பெட்டி. அதுகிட்ட நான் தோத்தா, அப்புறம் காயையே தொட மாட்டேன்" என்று சொல்லிவைத்தார். அவனும் படத்தோடு போட்டுவிட்டான். முப்பத்தோரு வருஷமாக ஊர்ச் செஸ் சங்கத்தின் முதல் பலகையில் உட்கார்ந்த மனுஷன். செஸ்ஸை எடுத்துவிட்டால் அவரிடம் மிஞ்சுவது ஒரு சைக்கிளும் முட்டிவலியும்தான்.

எதிரே, பெட்டிக்காக உட்கார்ந்திருந்தவன் மார்னிக்ஸ். அந்தப் புரோகிராமை எழுதியவன். ஹில்கே நகர்த்துவதைக் கீபோர்டில் தட்டுவான், திரையில் வரும் பதிலைப் பலகையில் நகர்த்துவான். திரை அவன் பக்கம் மட்டும் திரும்பியிருக்கும். முகத்தில் எதையும் காட்டக்கூடாது என்பது போட்டியின் விதி. ஆட்டமே அவனுக்கு அரைகுறை, காட்டுவதற்கும் ஒன்றுமில்லை.

இருபத்திரண்டாவது நகர்த்தலில் ஹில்கே, ராஜாவை ஒட்டி நின்ற யானையை ராணியின் பழைய கட்டத்துக்குக் கொண்டுவந்தார். இன்னொரு யானை இடது மூலையில், தன் சிப்பாய்க்குப் பின்னால், ஆட்டம் தொடங்கியதிலிருந்து அசையாமல் நின்றது. மார்னிக்ஸ் பட்டாணி சூப்பிலிருந்து தலையைத் தூக்கி, யானை வந்து நின்ற கட்டத்தைப் பார்த்தான், தட்டினான், மறுபடி சூப்புக்குள் போனான்.

ஒரு நிமிஷம் கழித்துத் திரை சொன்னபடி கறுப்பு பிஷப்பை எடுத்து, பலகையின் குறுக்கே நெடுகக் கொண்டுபோய், அந்த மூலைச் சிப்பாயை வெட்டி வைத்தான்.

ஹில்கேவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூலை யானை ஒரே ஒரு கட்டம் முன்னால் வந்தால் பிஷப் காலி. நேற்று ஆட்டம் கற்றுக்கொண்டவனுக்கும் தெரியும். ஆனால் காலையிலிருந்து ஒரு சிப்பாயைக்கூட ஓசியில் விடாத பெட்டி, முழு பிஷப்பைத் தூக்கிக் கொடுக்குமா?

கை யானையை நோக்கிப் போனது, பாதியில் நின்றது. தொட்டால் நகர்த்தியே ஆகவேண்டும். கையை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

பத்து நிமிஷம் பார்த்தார், இருபது நிமிஷம் பார்த்தார். யானை மூலையை விட்டால் பின்னால் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்கவில்லை. ராணி வந்தால்? அப்போதும் ஒன்றுமில்லை. எதுவும் தெரியாமல் போகப் போக, பயம்தான் ஏறியது. தனக்குத் தெரியவில்லை என்றால் குழி அவ்வளவு ஆழம் என்று அர்த்தம். மார்னிக்ஸின் முகத்தைப் பார்த்தார். அவன் ரொட்டியைச் சூப்பில் தோய்த்துக்கொண்டிருந்தான். என்ன திமிர் இவனுக்கு!

ஐம்பது நிமிஷம் போனது. நேரம் முடிவதற்குள் ஆட வேண்டியது இன்னும் பதினெட்டு நகர்த்தல், கடிகாரத்தில் மிச்சம் இருந்தது மூன்று நிமிஷம். ஹில்கே கடிகாரத்தை நிறுத்திக் கையை நீட்டினார்.

"தோத்துட்டேன்."

தாளில் கையெழுத்தும் போட்டார். பின்னால் நின்ற சங்கத்துக்காரர் யெல்லே பொங்கி வந்தார்.

"யோவ், சும்மா கெடந்த பிஷப்ப எடுத்திருக்கலாமே?"

"நீ எடுத்திருப்பியா?"

யெல்லே பலகையை இன்னொரு தடவை பார்த்தார். "மாட்டேன்" என்றார்.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு காட்டு" என்று ஹில்கே மார்னிக்ஸிடம் கேட்டார். "நான் யானையால எடுத்திருந்தா அது என்ன பண்ணியிருக்கும்?"

மார்னிக்ஸ் தட்டினான். பெட்டி கீச்சென்று கத்தியது. மறுபடி தட்டினான், மறுபடியும் கத்தியது.

"அந்த நகர்த்தல ஏத்துக்க மாட்டேங்குது சார். அங்க யானையே இல்லங்குது."

திரையைத் திருப்பினான். இடது மூலை காலியாக இருந்தது. ராஜாவை ஒட்டி யானை அப்படியே நின்றது.

ஹில்கே திரையையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எந்த யானைன்னு பாக்கல சார்." மார்னிக்ஸ் சூப்பைத் தள்ளிவைத்தான். "ராணி கட்டத்துக்கு மூலையில இருந்ததுதான் வந்துச்சுன்னு தட்டிட்டேன்."

நடுவர் டிங்ஸ்மா அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க பிஷப்ப எடுத்திருந்தா இந்தத் தப்பு அப்பவே மாட்டியிருக்கும். தப்பு நடந்த இடத்துலேர்ந்தே திரும்ப ஆடியிருப்பீங்க. இப்ப கை கொடுத்துட்டீங்களே."

"என் தப்புதான் மேடம். திரும்ப ஆடலாம், நான் ஒத்துக்கறேன்" என்றான் மார்னிக்ஸ்.

"இரு" என்றார் ஹில்கே. "இந்தப் பலகையில இருக்கறத அப்படியே அதுல போடு. என் பக்கம் அது ஆடட்டும்."

மார்னிக்ஸ் திரையில் யானைகளைச் சரிசெய்து ஒரு விசையைத் தட்டினான். விரலை எடுப்பதற்குள் யானை பிஷப்பை வெட்டிவிட்டது.

"யோசிக்கவே இல்லையே."

"யோசிக்க என்ன சார் இருக்கு, சும்மா கெடக்கற பிஷப்தானே" என்று சொல்லிவிட்டு மார்னிக்ஸ் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"போஸ்ட்மா, திரும்ப ஆடறீங்களா?" என்றார் டிங்ஸ்மா அம்மாள்.

ஹில்கே மூலை யானையை எடுத்து, ஒரு கட்டம் முன்னால் வைத்து, பிஷப்பை வெட்டினார்.

"வேணாம் மேடம். அது பாட்டுக்கு வேற பலகையில ஆடிக்கிட்டிருந்திருக்கு. இங்க என்னைத் தோக்கடிக்க யாருமே இல்ல. அப்படியும் தோத்துட்டேன்."

கோட்டு மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுக்க வெளியே போனார். கறுப்பு பிஷப் அவர் கைக்குள்ளேயே இருந்தது.