ஒரு மூச்சுக்கு மேல்

வாளியில் தண்ணீர் விழும் சத்தம் நன்றாக எழும்வரை காத்திருந்துவிட்டு அவள் சுரண்டியை எடுத்தாள். குளியலறைக் கதவு தாழிட்டிருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து வில்லை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டாள். பிடியிலிருந்து இடப்பக்கம், நுனிக்கு ஒரு சாண் முன்னால், உள்பக்கத்தில் தகட்டைச் சாய்த்து இழுத்தாள். மெல்லிய சுருளாக மரம் உரிந்து வந்தது. ஒன்று. இரண்டு. ஐந்து இழுப்பு. அதற்கு மேல் அவளுக்கே பயமாக இருந்தது. மரம் விரலுக்கடியில் அட்டைபோல் மெலிந்திருந்தது.

கீழே விழுந்த சுருள்களை ஒன்றுவிடாமல் பொறுக்கிக் குப்பைக்கூடையின் அடியில் தள்ளி, மேலே பழைய செய்தித்தாளைப் போட்டு மூடினாள்.

பத்தொன்பது நாளாக இதுதான் காலை வேலை.

கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தபின், நுரையீரலிலும் நீர் கோத்துக்கொண்டது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு மூன்று நாள்தான் என்று சொல்லித்தான் டாக்டர் அவரை அனுப்பினார். பட்டறையை அடுத்த அறையில் கட்டிலைப் போட்டார்கள். கதவைத் திறந்து வைத்தால் எதிர்ச்சுவர் தெரியும். அந்தச் சுவரில், தலை உயரத்தில் பதித்த கட்டையில், மகளுக்காக அவர் தொடங்கிய வில் பாதி வேலையோடு கிடந்தது. அன்று அவர் பாதி வாயால் சொன்னது ஒன்றே ஒன்று.

"வில்... முடிச்சிட்டு."

முடித்துவிட்டு என்ன என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. மறுநாளே, அவர் கட்டிலிலிருந்து விரலால் இடத்தைக் காட்ட, அவள் சுரண்டத் தொடங்கிவிட்டாள்.

முப்பது வருடமாக அந்தச் சுவரடியில் அவளுக்கு ஒரே வேலை, கயிறு இழுப்பது. நாணில் மாட்டிய கயிறு கீழே கப்பி வழியாக வந்து அவள் கைக்கு வரும். அவள் இழுக்க இழுக்க வில் வளையும். அவர் பத்தடி தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். வில்லின் இரண்டு பாதியையும் வில் செய்பவர்கள் கை என்பார்கள். இடக்கை எவ்வளவு வளைகிறதோ வலக்கையும் அவ்வளவு வளைய வேண்டும். வளையாமல் முரண்டு பிடிக்கும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு அங்கே மட்டும் சுரண்டுவார். மறுபடியும் "இழு". அவர் தன் கையை விரித்துத் தூக்கினால் நிறுத்திப் பிடிக்க வேண்டும். கையை இறக்கினால் கயிற்றை மெதுவாக விட வேண்டும். ஒரு மூச்சுக்கு மேல் பிடித்து வைத்தால் திட்டுவார். "மரம் களைச்சுடும்டி. அப்புறம் நிமிரவே நிமிராது."

வில் கழகத்துக்காரர்கள் அவருக்கு ஒத்தைக்கண்ணு என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் அவளுக்கு வைத்த பெயர் கயிறு. பக்கவாதத்தில் வலது கண்ணிமை தானாகவே தொங்கிப்போனபோது, ஆஸ்பத்திரியில் பேச்சு திரும்பிய முதல் நாள் அவர் சொன்னது: "கண்ண மூடற... வேலை மிச்சம்."

நான்காவது நாள் மாலை, வில் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வளைந்தது. அவர் கையை இறக்கிவிட்டு நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிம்மதியை அவள் பார்த்தாள். மறுநாள் காலை குழாயைத் திறந்துவிட்டு, முதன்முறையாக, சரியாக இருந்த கையைச் சுரண்டினாள். அன்று அவர் முகம் சுளித்துப் பார்த்துவிட்டு வில்லின் மற்றக் கையைக் காட்டினார். மாலைக்குள் சரியாயிற்று. மறுநாள் காலை மறுபடியும் குழாய்.

ஆனால் சுரண்டிய மரம் திரும்பி ஒட்டுவதில்லை. இருபது கிலோ இழுப்புக்கு என்று தொடங்கிய வில், நேற்று ஸ்பிரிங் தராசில் எட்டு கிலோதான் காட்டியது.

கதவு தட்டப்பட்டது.

"அம்மா. திற."

"குளிக்கறேன்டி."

"குளிக்கறவ வில்லை எதுக்கு எடுத்துட்டுப் போனே? அதுக்கும் முதுகு தேய்க்கறியா?"

அவள் தாழை எடுத்தாள். மகள் உள்ளே வந்து குப்பைக்கூடையைப் பார்த்தாள், அம்மாவின் முழங்காலில் ஒட்டியிருந்த ஒரு சுருளைப் பார்த்தாள். அதை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டாள். மூன்று நாள் முன்பு லீவு போட்டுவிட்டு வந்தவள். அவளுக்கும் கண் சிவந்திருந்தது.

"இருபது கிலோ வில்லு கேட்டேன். கரையான் அரிச்சாகூட இவ்வளவு வேகமா அரிக்காதும்மா."

"உனக்கு வேற செஞ்சு..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள். யார் செய்வது?

மகள் குழாயை மூடினாள். சத்தம் அடங்கியதும் அந்த அறையிலிருந்து அவருடைய மூச்சு கேட்டது. ஈரத் துணியைக் கிழிப்பதுபோல, விட்டு விட்டு.

"கேக்குதா? ராத்திரி முழுக்க இப்படித்தான். சொட்டு மருந்து விட்டா தூங்குவார். ஆனா கண்ணு மங்குது, வளைவு தெரியல, வேண்டாங்கறார். வில்லு முடியட்டும்கறார்." அவள் குரல் உடைந்தது. "நீ முடிய விடமாட்டேங்கறே."

"முடிஞ்சா போயிடுவாருடி."

"தெரியும்."

"இன்னிக்கு அஞ்சே இழுப்புதான். நாளைக்கு ரெண்டு போதும். ரொம்ப மெல்லிசா எடுத்தா இன்னும் ஒரு வாரம் தாங்கும்..." தன் வாயிலிருந்து வருவதைத் தானே கேட்டவள்போல நிறுத்திக்கொண்டாள். அவள் கை வில்லின் மேல் முன்னும் பின்னும் தடவிக்கொண்டிருந்தது.

மகள் ஈரத் தரையிலேயே அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"அவருக்குத் தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"எல்லாம். நேத்து நீ கடைக்குப் போனப்போ சொன்னார். 'கயிறு திருடுது'ன்னார். சிரிப்பு வேற. நான் அம்மாகிட்ட சொல்லவான்னு கேட்டேன். வேண்டாம்னு தலையாட்டினார். 'அவளே போதும்னு...' அவ்வளவுதான் வந்துது. அப்புறம் மூச்சு வாங்கிடுச்சு."

 எத்தனை நாளாகவோ தெரியவில்லை. வலியோடு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, அவள் காலையில் கெடுத்ததை அவர் மாலைவரை சரிசெய்துகொண்டிருந்திருக்கிறார். இவள் தான்தான் அவரைப் பிடித்து வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

எழுந்தபோது கால் மரத்திருந்தது. மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

பட்டறையில் வெயில் சுவரின் உச்சியில் விழுந்திருந்தது. வில்லைக் கட்டையில் உட்காரவைத்து நாணில் கயிற்றை மாட்டினாள். கட்டிலில் மூன்று தலையணை உயரத்தில் அவர் சாய்ந்திருந்தார். ஒற்றைக் கண் அவளையே பார்த்தது.

"என்னங்க. நான் வந்து..."

இடது கையின் ஒரு விரல் லேசாக எழுந்து வேண்டாம் என்றது.

"இழு."

இழுத்தாள். கப்பி முனகியது. நாண் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கச் சுவரில் பென்சிலால் போட்ட முதல் கோடு, இரண்டாவது கோடு. அவர் விரல் வலப்பக்கம் திரும்புவதற்கு முன்பே அவள் சொன்னாள்.

"வலக்கை. நடுவுல. அஞ்சு இழுப்பு."

அவர் உதட்டின் ஒரு ஓரம் மேலே போயிற்று. "தொழில்... கத்துக்கிட்ட."

"வேற வழி? நீங்கதான் படுத்துட்டே அதிகாரம் பண்றீங்களே."

சுரண்டியை அவர் கண்ணெதிரே எடுத்தாள். இப்போது எந்தக் குழாயும் ஓடவில்லை. தகடு மரத்தில் ஏறி இறங்கும் ஓசை அறை முழுக்கக் கேட்டது. ஐந்து சுருள்களும் தரையில் விழுந்தன. அவற்றை அவள் பொறுக்கவில்லை.

மறுபடியும் இழுத்தாள். முதல் கோடு. இரண்டாவது. மூன்றாவது, கடைசிக் கோடு. அவர் கை விரிந்து எழுந்தது. அவள் பிடித்தாள். முகத்தை அவர் பக்கம் வைத்துக்கொண்டு, வில்லைப் பார்க்காமல், அந்தக் கையை மட்டும் பார்த்தாள். முப்பது வருடமும் அப்படித்தான்.

கை இறங்கியது. கயிற்றை மெதுவாக விட்டாள்.

"போதுமா?" என்று கேட்டது அவர்.

அப்படி அவர் ஒருநாளும் அவளைக் கேட்டதில்லை. 

"இன்னும் ஒரே ஒரு தடவ பாத்துடலாமே. நுனியில எனக்கென்னமோ..."

அவர் காத்திருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்து நரம்பு புடைத்து அடங்கியது. மகள் மருந்துப் புட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கட்டிலருகில் நின்றாள். அவள் அம்மாவைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதும்ங்க," என்றாள் அவள்.

மகள் அவர் நாக்குக்கடியில் சொட்டுகளை எண்ணி விட்டாள். அவர் வாயைத் துடைத்துவிட்டு, அம்மா கட்டிலோரம் உட்கார்ந்து அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாகப் பிரிந்தது. கண் சுவரை விட்டு இறங்கி, அவள் தோளில் வந்து நின்று, மூடிக்கொண்டது.

"தூங்கிட்டார்," என்றாள் மகள், நம்ப முடியாதவள்போல.

மூச்சுகளுக்கு நடுவே இடைவெளி நீண்டது. ஒவ்வொரு தடவையும் அடுத்தது வரும்வரை அவளும் மூச்சை அடக்கிக்கொண்டாள். வெயில் சுவரில் இறங்கி வில்லைத் தொட்டபோது, அவள் அடக்கிய மூச்சு அவளுக்கே தாங்காமல் வெளியே வந்துவிட்டது. அவருடையது வரவில்லை.

 பிறகு மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"டாக்டருக்குச் சொல்லணும்மா."

"இரு." அவள் குரல் சாதாரணமாக இருந்தது. "கயித்தைப் பிடி."

"அம்மா..."

"பிடிடி. வில்லு வளையறத நான் ஒரு நாளும் பாத்ததில்ல."

மகள் பட்டறைக்குள் போய்க் கயிற்றைப் பிடித்தாள். தலையணையின் ஓரத்தில், அவர் தலையை ஒட்டி, அம்மா தன் தலையைச் சாய்த்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டாள்.

"இழு."

கப்பி முனகியது. வில் இறங்கி வளைந்தது. முதல் கோடு, இரண்டாவது, மூன்றாவது. இடக்கையும் வலக்கையும் வெயிலில் ஒரே வளைவாக நின்றன.

அவள் கையை விரித்து உயர்த்தினாள்.

மகள் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு மூச்சு ஆயிற்று. இரண்டு ஆயிற்று. கயிற்றின் முறுக்கு உள்ளங்கையில் அழுந்த, கட்டில் பக்கமே பார்த்துக்கொண்டு, அந்தக் கை இறங்கட்டும் என்று அவள் காத்திருந்தாள்.