பெரட்டில் கொடுத்த நோட்டீஸ்

கங்காணி வீரமுத்துவுக்கு நான் தர வேண்டியது இருபத்தேழு வெள்ளி நாற்பது காசு. அதில் இருபத்தாறு வெள்ளி, அவர் என்னை ஊரிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்த செலவு. மிச்சம் அரிசிக் கடன். நாலு வருஷம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியும் அந்த இருபத்தாறு குறையவே இல்லை.

என் மனைவி கருப்பாயி ஸ்கூடாயில் அக்காள் வீட்டில் இருந்தாள். வயிற்றில் ஏழு மாதம். மாசாய்ப் பக்கம் எங்கள் தோட்டத்துச் சதுப்பில் இரண்டு பிள்ளைகளைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள். "மூணாவதையும் அங்க கொண்டாந்து பொதைக்க மாட்டேன். நீ வந்தா வா" என்று சொல்லியனுப்பியிருந்தாள்.

கடனோடு ஓடினால் சிறை. பக்கத்து வீட்டுக் காளியப்பன் ஓடிப் பார்த்தவன். ஜொகூர் பாருவில் பிடித்து, கோர்ட்டில் நிறுத்தி, ஒரு மாதம் உள்ளே வைத்து, திரும்ப இதே கூலி லயத்தில் கொண்டுவந்து விட்டார்கள்.

கடைக்காரர் சுப்ஹான் பாய்தான் பேப்பர் பார்த்துச் சொன்னார். "சட்டம் மாறிருச்சு. ஓடுனா ஜெயில் இல்ல. ஒரு மாசம் முன்னால சொல்லிட்டா நீ போவலாம். கப்பல் செலவ கூலிகிட்ட கேக்கப்படாது."

"யார்கிட்ட சொல்லணும் பாய்?"

"தொரைகிட்ட. கங்காணிகிட்ட சொன்னா அவன் காதோட போயிரும்."

துரை எங்கள் முன்னால் நிற்பது காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் மட்டும்தான். பேர் கூப்பிட்டால் 'இருக்கேன்' என்பதற்கு மேல் அங்கே யாரும் வாய் திறந்ததில்லை.

மறுநாள் காலை, "அய்யாவு" என்று என் பேரைக் கூப்பிட்டார் கணக்கு எழுதும் கிராணி.

"இன்னைக்கு இருக்கேன் சாமி. வர்ற மாசம் இதே தேதியில தோட்டத்த விட்டுப் போறேன்."



"என்ன சொல்றான்?" துரைக்கு எங்கள் தமிழ் பாதிதான் பிடிபடும்.

"காய்ச்சலாம் தொரே. லீவு கேக்கிறான்" என்றார் கங்காணி.

துரை அடுத்த பேருக்குக் கை காட்டினார். அப்போது பின்வரிசையிலிருந்து காளியப்பன் சொன்னான். "நோட்டீஸ் தொரே. நோட்டீஸ் குடுக்கிறான்."

துரை திரும்பினார். என்னை ஒரு தரம், கங்காணியை ஒரு தரம் பார்த்துவிட்டு, தேதியை எழுதும்படி கிராணியிடம் சொன்னார்.

"கோர்ட்ல கேட்ட வார்த்தை. ஜெயிலுக்குப் போனது வீணாவல" என்று பெரட்டு கலைந்ததும் சொன்னான் காளியப்பன்.

கங்காணி என்னைச் சதுப்பில் கால்வாய் வெட்டப் போட்டார். "ஒரு நா பெரட்டுக்கு வராட்டி ஒன் நோட்டீஸ் செத்துச்சு, பாத்துக்க."

பத்தொன்பதாம் நாள் காய்ச்சல் வந்தது. அதோடே போய் நின்றேன். விழாதபடி என் அரைக்கச்சையைப் பின்னாலிருந்து காளியப்பன் பிடித்துக்கொண்டான். என் பேரைக் கிராணி கடைசியாகத்தான் கூப்பிட்டார். பதில் சொன்னேன். மறுநாளும் சொன்னேன்.

கடைசி நாள் ஆபீசில் சம்பளத்தை வைத்தார்கள். கங்காணி கை நீட்டினார். "கப்பல் செலவு இருபத்தாறு வெள்ளி தொரே."

"அதுக்காக நான் கோர்ட்ல நிக்கவா?" துரை கிராணியைப் பார்த்தார். "அந்தக் கடன அடிச்சிடு."

கிராணி என் பேருக்கு நேரே இருந்த இருபத்தாறின் மேல் கோடு இழுத்தார்.

வாங்கிய சம்பளத்தில் ஒரு வெள்ளி நாற்பது காசை எடுத்துக் கங்காணி கையில் வைத்தேன்.

"இது என்னடா?"

"நான் தின்ன அரிசி."

அவர் எண்ணிப் பார்த்து மடியில் முடிந்துகொண்டார்.