பேங்கில் விழுந்த இறால் காசு

புருஷன் தேசப்பன் பிடித்து வரும் மீனைப் பழவேற்காட்டில் விற்று, அந்தக் காசில் குடும்பத்தை நடத்தியவள் கஸ்தூரி. அவனுக்குப் பீடிக் காசுகூட அவள்தான் கொடுப்பாள். எண்பத்திரண்டில் இறால் கம்பெனி வந்தது. தேசப்பன் மீனை விட்டு இறால் பிடிக்கப் போனான். கம்பெனி கரையிலேயே இறாலை எடை போட்டு வாங்கிக்கொண்டு, பணத்தைத் தேசப்பன் பேரில் பேங்கில் கட்டியது. முதல் மாதமே அவன் டேப் ரெக்கார்டர் வாங்கி வந்தான். வீட்டில் அரிசி இல்லை.

கஸ்தூரி பேங்குக்குப் போனாள்.

"அவரு கையெழுத்து இல்லாம தர முடியாதும்மா" என்றார் குமாஸ்தா.

வேறு வழியில்லாமல் மறுபடியும் தேசப்பனிடமே கேட்டாள்.

"போன வாரம் குடுத்தது இன்னா ஆச்சு? கணக்கு சொல்லு" என்றான்.

புளி, மண்ணெண்ணெய் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல உடம்பு கூசியது.

மறுநாள் அதே கம்பெனியில் இறால் தலை கிள்ளும் வேலைக்குப் போய் உட்கார்ந்தாள். அங்கே கூலியைக் கையில் கொடுத்தார்கள்.