யாரோட வயிறு இது?

அரண்மனைச் சித்திரக்கூடத்தில் ராஜாவின் முகம் எழுதுவது மூத்த ஓவியரின் வேலை. கழுத்துக்குக் கீழே பட்டும் முத்தும் விரல்களும் அவர் மனைவியின் தம்பிக்கு. ஒரே தாளில் வேலை. ஆனால் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. ‘என் முத்தைப் பார்க்கத்தான் ராஜா படத்தையே கையில் எடுக்கிறார்’ என்று மைத்துனன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ராஜா இறந்து, அவருடைய தம்பி பட்டத்துக்கு வந்தார். அண்ணனின் படங்களில் முகத்தை அழித்துவிட்டுத் தன் முகத்தை எழுதச் சொன்னார்.

“செத்தவர் முகத்தைச் சுரண்டாதீங்க மாமா. புதுசா எழுதித் தரோம்னு கேட்டுப் பாருங்க” என்றான் மைத்துனன்.

“உன் முத்துக்கு ஒண்ணும் ஆகாது. போய் உன் வேலையப் பாரு.”

ஈரத் தூரிகையால் முகத்தை ஊறவைத்துக் கத்தி முனையால் வழித்தார். மீசைதான் லேசில் போகவில்லை. அந்த இடத்தில் வெள்ளை பூசி, கல்லால் தேய்த்து வழவழப்பாக்கி, புது ராஜாவின் ஒட்டிய கன்னத்தை எழுதினார்.

புது ராஜா படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

“யாரோட வயிறு இது?”

அண்ணன் நல்ல தொந்திக்காரர்.

“குறைங்க.”

“முடியாதுங்க. அங்க பூரா தங்கப் பூச்சு. சுரண்டினா தாள் கிழிஞ்சிடும்” என்றான் மைத்துனன்.

உண்மைதான், ஓவியருக்கும் தெரியும். ஆனால் வாய் முந்திக்கொண்டது.

“அவனுக்கு மனசு இல்லைங்க. பழைய ராஜா மேல அவ்வளவு பாசம்.”

காவலர்கள் மைத்துனனின் வலது கட்டைவிரலை ஒடித்து வெளியே தள்ளினார்கள்.

வீட்டில் மனைவி துணிமூட்டையோடு நின்றாள்.

“என் தம்பி கைய ஏன் ஒடிச்சீங்க?”

“காவலாளிங்க ஒடிச்சாங்க.”

“நான் அவங்களயா கேட்டேன்?”

அவள் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

வயிற்றைக் குறைக்கும் வேலை அவர் தலையில் விழுந்தது. தாள் கிழிந்தது. ராஜா புதுப் படம் கேட்டு எதிரில் வந்து உட்கார்ந்தார். முகம் அச்சு அசலாக வந்தது. கையை எழுதப் போனால் தாளில் விரல்கள் வீங்கிப்போய் நின்றன.

ராஜா எட்டிப் பார்த்தார். “கை யார் எழுதுவா?”

“என் மச்சான்தாங்க.”

“போய்க் கூட்டிட்டு வா.”

மைத்துனன் வீட்டுக் கதவை மனைவி பாதி திறந்தாள். உள்ளேயிருந்து அவன் குரல் வந்தது. “யாரு அக்கா அது?”

அவள் கணவனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “யாருமில்ல, நீ படு.”

தாழ்ப்பாள் விழுந்தது. ராஜாவிடம் என்ன சொல்வது என்று தெரியாமலேயே அரண்மனைப் பக்கம் நடந்தார்.