காலாவதி ஆகாத இருபது டேப்புகள்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

வானிலை அலுவலகத்தின் டேப் அறைக்கு நான்தான் பொறுப்பு. வாரம் முழுக்கச் சேர்ந்த மழை, காற்று, வெயில் அளவுகளை எல்லாம் பெரிய கம்ப்யூட்டர் வெள்ளி மாலை ஆறு மணிக்கு டேப்பில் நகலெடுக்கும். அதற்கு முப்பது காலி டேப் வேண்டும். அலமாரியில் இருந்ததோ பதினொன்று. புது டேப் வர இன்னும் இரண்டு வாரமாம். நகல் பாதியில் நின்றால் சனிக்கிழமை நான் வந்து உட்கார வேண்டும். சனிக்கிழமை காலையில்தான் என் மகளுக்கு நீச்சல் போட்டி. ஏற்கெனவே இரண்டு போட்டிக்கு வருகிறேன், வருகிறேன் என்று சொல்லிப் போகாதவள் நான். இந்தத் தடவை அவள், "வரேன்னு மட்டும் சொல்லாதம்மா, எனக்குக் கோவம்தான் வருது" என்று சொல்லிவிட்டாள். பதினோரு வயசுக்கு அந்த வாய் யாரிடமிருந்து வந்தது என்று கேட்காதீர்கள்.

புது டேப் இல்லையென்றால் பழையதைத்தான் மறுபடி எடுக்க வேண்டும். ஒரு டேப்பில் நூறு கோப்பு இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு காலாவதித் தேதி உண்டு. தொண்ணூற்றொன்பது காலாவதியாகி ஒன்றே ஒன்று மிச்சமிருந்தாலும் அந்த டேப்பைத் தொட முடியாது. ஐம்பது பேர் போகிற பஸ்ஸை ஒரே ஒரு ஆள் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரிதான். அந்த ஆளை வேறு பஸ்ஸுக்கு மாற்றினால் இது நமக்குக் காலி.

பட்டியல் எடுத்தேன். இருபது டேப் அப்படி மாட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு குட்டிக் கோப்பு, பதினோரு வருஷப் பழசு. காலாவதித் தேதி இருக்க வேண்டிய இடத்தில் 99365. எங்கள் தொழிலில் அதற்கு 'ஒருபோதும் அழிக்காதே' என்று அர்த்தம். எழுதியவர் கையெழுத்துப் போட்டால்தான் அதை நகர்த்தலாம், அழிக்கலாம். எழுதியவர் பெயருக்குப் பதில் 'பயிற்சி-4' என்று மட்டும் இருந்தது.

"எந்த மகராசன் பண்ணின வேலைடா இது?"

"பொறுமையா பாக்கலாம்க்கா" என்றான் எங்கள் ஆபரேட்டர். தீப்பிடித்தாலும் நடந்தேதான் போவான். அதனால் அவனுக்கு நிதானம் என்று பெயர்.

"பொறுமையாவா? ஆறு மணிக்குள்ள ஆள் கிடைக்கணும். குப்பையைப் பூட்டி வச்சுட்டுப் போயிருக்கு ஒரு ஜென்மம்!"

மூன்று மாடியும் ஏறி இறங்கினேன். புயல் பிரிவில் கேட்டேன், வரைபடப் பிரிவில் கேட்டேன், ஓய்வு பெற்ற மூன்று பேருக்குப் போன் போட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அறிவிப்புப் பலகையில் சிவப்பு மையில், "ஒன்றுக்கும் உதவாததைக் கட்டிக்கொண்டு அழும் புண்ணியவான் யாரோ, அவர் உடனே டேப் அறைக்கு வரவும்" என்று எழுதி ஒட்டினேன். படித்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டு மணிக்கு நிதானம் எங்கிருந்தோ பழைய பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். தூசி தட்டி, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான். பிடுங்கிப் பார்க்கலாமா என்று எனக்குக் கை பரபரத்தது. ஒரு பக்கம் வந்ததும் புரட்டுவதை நிறுத்தினான்.

"அக்கா, அந்த நோட்டீஸை நான் போய்க் கிழிக்கட்டுமா, இல்ல நீங்களே போறீங்களா?"

பயிற்சி-4க்கு நேரே என் கையெழுத்து.

அட கடவுளே! பிரசவ விடுப்பு முடிந்து இந்த அறைக்கு மாற்றலாகி வந்த முதல் மாதம். தினம் ஒரு புது டேப்பை மாட்டி, ஏதாவது ஒரு வரி எழுதிச் சோதித்துப் பார்க்கச் சொன்னார்கள். என்ன தேதி போடுவதென்று தெரியாமல், பக்கத்து மேசைக்காரர் போட்ட எண்ணையே நானும் போட்டிருக்கிறேன். சரி, என்னத்தை எழுதித் தொலைத்தேன்?

நிதானம் முதல் டேப்பை மாட்டினான். திரையில் வந்தது: "பாப்பாவை விட்டுட்டு வந்தேன். கதவு வரைக்கும் தவழ்ந்து வந்துச்சு." அடுத்ததில், "பாப்பாவுக்கு ரெண்டு பல்." அதற்கடுத்து, "நேத்து லேட்டா போனேன். மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. கோவமாம்." இருபது நாள், இருபது வரி. நான் அழுதேவிட்டேன். நிதானம் சுத்தமாக இருந்த மேசையை இன்னொரு தடவை துடைத்தான்.

"அழிக்க வேணாம்க்கா. இருபதையும் ஒரே டேப்புக்கு மாத்திடலாம்."

"ஊருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? எல்லாத்தையும் தாள்ல எடு. அப்புறம் அழி" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். நோட்டீஸையும் நானே போய்க் கிழித்தேன். அங்கே நின்றவர்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, விடுங்கள்.

ஆறு மணிக்கு முப்பத்தொரு டேப் காலியாக இருந்தன. நகல் ஒழுங்காக ஓடியது.

மறுநாள் நீச்சல் குளத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து தொண்டை கட்டும்வரை கத்தினேன். மகள் நாலாவதாக வந்தாள். துண்டைப் போர்த்திக்கொண்டு வந்து, "நிஜமாவே வந்துட்டியா?" என்று என் கையைக் கிள்ளிப் பார்த்தாள். டேப், தேதி கதையை எல்லாம் சொல்லித் தாளை நீட்டினேன். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டப் படித்தவள் பதினாலாவது வரியில் நின்றாள்: "பாப்பாவுக்குத் தண்ணின்னா பயம். குளிப்பாட்டினா வீடே ரெண்டுபடுது."

"நானா!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "இன்னிக்கு நடந்ததையும் எழுதுவியா?" என்றாள்.

"திங்கக்கிழமை முதல் வேலை அதுதான்."

"ரெண்டாவதா வந்தேன்னு எழுதும்மா."

"நாலாவதுன்னுதான் எழுதுவேன்."

கொஞ்சம் யோசித்தாள். "சரி, எழுதிக்கோ. ஆனா அடுத்த மாசமே அழியற மாதிரி தேதி போடு. அடுத்த போட்டிக்கு நீ வந்து பாத்து, புதுசா எழுதணும்ல?"