ஸெய்னுதீன் நானாவின் ஒற்றைக் கோடு

முதிரையடி வயல்காரருக்கு எந்தக் கம்பனியின் சிம் நல்லது என்று கண்டுபிடித்துக் கொடுத்தவன் நான்தான். மூன்று கிழமை ஆராய்ச்சி, நாற்பது பக்கக் கொப்பி ஒன்று, அட்டைக்கடி ஏழு. அறிக்கையில் ஒரு பிழையும் இல்லை. பிறகு விசாரணைக்கு வந்த பொலிஸ்காரர்கூட அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வடிவாச் செய்திருக்கிறீர் தம்பி" என்றுதான் சொன்னார்.

எனக்கு வீடு அன்புவழிபுரத்தில். படிப்பது கம்பஸில், அதாவது கம்பஸ் திறந்திருக்கும் நாட்களில். மற்ற நாட்களில் அம்மா என்னை பஸ் ஏற்றி முதிரையடிக்கு, குணரத்தினம் மாமா வீட்டுக்கு அனுப்பிவிடுவார். கிண்ணியாப் பக்கத்து உள்நாட்டு வயல்வெளி அது. மாமா அங்கே கமக்காரர் அமைப்பின், அதாவது விவசாயிகள் சங்கத்தின், தலைவர். எதிர்த்து நிற்க ஆள் இல்லாததால் பதினொரு வருடமாகத் தலைவர்.

முதிரையடியில் வீடுகள் எல்லாம் றோட்டோரம். காடு மேற்கே. இடையில் ஒன்றரை மைல் வயல். காட்டோரக் கடைசித் துண்டு ஸெய்னுதீன் நானாவுடையது. கிண்ணியாக்காரர். நெல் குடலை தள்ளிக் கதிர் கட்டத் தொடங்கிய நாளிலிருந்து அறுவடை வெட்டு முடியும்வரை தன் வயலின் மருத மரத்துப் பரணிலேயே குடியிருப்பார். காட்டுப் பக்கமாக யானை வந்தால் அவர் எங்களுக்குப் போனில் கோல் எடுப்பார். குளத்துப் பக்கமாகச் சுற்றி வந்தால் நாங்கள் அவருக்குக் கோல் எடுப்போம். அதன் பிறகே வெடி கொளுத்துவோம். வெடிக்குப் பயந்து ஓடும் யானை எப்போதும் காட்டைப் பார்த்துத்தான் ஓடும், காட்டுக்கு முன்னால் நானா இருக்கிறார்.

இந்த ஒழுங்கைப் போட்டவரே நானாதான். ஒருமுறை வெடிச் சத்தம் கேட்டு, யானை என்று நினைத்து மூன்று மணித்தியாலம் பரணில் சுருண்டு கிடந்தாராம். விசாரித்தால் பக்கத்து ஊரில் கலியாணமாம். அடுத்த கூட்டத்தில் எழும்பி நின்று சொன்னார்:

"இஞ்ச பாருங்க தலைவர், இனிமே முதல்ல கோல், பொறகு வெடி. கோல் வரல்லையெண்டா அது கலியாண வெடி. நான் எறங்கி என்ட வேலையப் பாப்பன். சரியா?"

எல்லோரும் சிரித்துக்கொண்டே கை உயர்த்தினார்கள். கூட்டக் குறிப்பில் இருக்கிறது.

பிரச்சினை, நானாவின் சிம். எங்கள் பக்கத்தில் மூன்று கம்பனிகள் ஓடுகின்றன. உண்மைப் பெயரைச் சொன்னால் வழக்குப் போடுவார்கள் என்பதால் மயில், சங்கு, பட்டம் என்று வைத்துக்கொள்வோம். நானா வைத்திருந்தது பட்டம். பரணில் அது ஒரே ஒரு கோடுதான் காட்டும். அதுவும் கிழக்கு மூலைக் கம்பத்தில் மட்டும். அந்தக் கம்பத்தில் ஒரு பால்மா டின்னைக் கட்டி, அதற்குள் போனை நிறுத்தி வைத்திருந்தார். கோல் வந்தால் டின் முழுக்க அதிரும். கதைப்பதென்றால் தலையை டின்னுக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். மறுமுனையில் கேட்பவருக்கு அவர் கிணற்றுக்குள் நின்று கதைப்பதுபோல் இருக்கும்.

"இந்தக் காலத்தில டின்னுக்குள்ள கதைக்கிற மனிசன்" என்று மாமா தலையிலடித்துக்கொண்டார். "எங்கட அமைப்புக்கே வெக்கம். இராகுலன், நீ படிச்ச பிள்ளைதானே. எந்தக் கம்பனி நல்லா இழுக்குதெண்டு பார். எல்லாரும் அதுக்கு மாறுவம். ஒரே ஊர், ஒரே கம்பனி. உள்ளுக்குள்ள கதைக்கிறதுக்குக் காசில்லை."

அது ஆவணி மாதம். மூன்று போன்களைக் கழுத்தில் மாலை மாதிரித் தொங்கவிட்டுக்கொண்டு வரம்பு வரம்பாக நடந்தேன். ஐம்பது அடிக்கு ஒருதரம் நின்று கோடுகளை எண்ணிக் கொப்பியில் எழுதினேன். புல்லறுக்க வந்த பெண்கள் என்னைக் கண்டதும், "டொக்டர் வாறார், வயலுக்குக் காய்ச்சல் பாக்க" என்று வழிவிட்டார்கள். மாமியிடம் நாலு பேர் என் உடல்நிலை பற்றி விசாரித்திருக்கிறார்கள்.

நானாவின் பரணில் மயிலுக்கு ஐந்து கோடு. சங்குக்கு மூன்று. பட்டத்துக்கு ஒன்று. குளக்கட்டில் புதிதாக எழும்பிய சிக்னல் கோபுரம் மயிலுக்கும் சங்குக்கும் பொது. பட்டத்தின் கோடு எங்கோ கிண்ணியாப் பக்கமிருந்து வருகிறது. அட்டவணையைச் சிவப்பு மையால் கோடு கீறி நானாவிடம் காட்டினேன். அவர் கொப்பியைத் தூரப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"அஞ்சு கோடா? அஞ்சு கோடு காட்டுறவன் எல்லாம் ஆபத்துக்கு வருவானா மகன்?"

"நானா, இது சிக்னல். ஆக்கள் இல்லை."

"ஒரு கோடெண்டாலும் ஒம்பது வருசமா என்னோட கிடக்குது. சுஹைராக்கும் இந்த நம்பர்தான் மனப்பாடம்."

சுஹைரா அவரது மகள். கிண்ணியாவில் கலியாணம் முடித்திருக்கிறாள். தினமும் பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பிறகு வாப்பாவுக்குக் கோல் எடுப்பாள்.

"அவவுக்கு நான் புது நம்பரை அனுப்பிவிடுறன் நானா."

"ரெண்டு சிம் போடுற போனொண்டு அமைப்பால தாற கதை இருந்திச்சே?"

இருந்தது. அந்தத் தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டிருந்தது. அதற்கு முந்திய கூட்டத்திலும் அப்படித்தான்.

கடைசியில் அவர் போனைத் தந்தார். நான் பின்மூடியைக் கழற்றி, பற்றரியை எடுத்து, பட்டத்தை இறக்கி, மயிலை ஏற்றினேன். உடனே ஐந்து கோடும் எழும்பி நின்றன. எனக்கு ஒரு பெருமை. நானா பழைய சிம்மை வெற்றிலை சுற்றிய கடதாசித் துண்டில் மடித்து மடியில் வைத்தார்.

"கொஞ்சம் இருங்க" என்று டின்னைக் கம்பத்திலிருந்து அவிழ்த்தார். "இனி இதில சீனி போட்டு வைக்கலாம்."

ஐந்து மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மார்கழி மழைக்குள்ளும் நானாவின் குரல் பக்கத்தில் இருந்து கதைப்பதுபோல் கேட்டது. மாமா கூட்டத்துக்குக் கூட்டம் என்னைப் பாராட்டினார். ஒருமுறை சால்வை போர்த்தவும் யோசித்தார்கள். அதுவும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

மாசி மாதம், செவ்வாய்க்கிழமை. கம்பஸில் ஊழியர்கள் வேலைநிறுத்தம், ஆகவே நான் முதிரையடியில். வெட்டுக்கு இன்னும் ஐந்து நாள்தான். பின்னேரம் ஐந்தே முக்காலுக்குக் கரண்ட் போனது. அது செய்தியல்ல. ஜெயரூபி மாமி விளக்கைத் துடைக்கத் தொடங்கினார். பிறகுதான் குளத்துப் பக்கமிருந்து ஆட்கள் கத்தினார்கள். நாலு யானை. அதில் ஒன்று குளக்கட்டுக் கரண்ட் கம்பத்தில் முதுகு உரசியதாம், கம்பம் சாய்ந்துவிட்டதாம்.

நான் நானாவின் இலக்கத்தை அழுத்தினேன்.

முதலில் சிங்களத்தில், பிறகு தமிழில், பிறகு ஆங்கிலத்தில், நான் அழைத்த இலக்கத்தைத் தற்போது அடைய முடியாது என்று ஒரு பெண் சொன்னாள். நல்ல குரல். அவசரமே இல்லாத குரல். இந்த நாட்டில் மூன்று மொழியிலும் ஒழுங்காக ஒரு காரியம் நடக்கிறதென்றால் அது இதுதான். வெட்டினேன். மறுபடி எடுத்தேன். மறுபடி அவள்.

"கதைச்சியா?" என்று மாமா வெடிப் பெட்டியோடு ஓடிவந்தார்.

"போகுதில்லை மாமா."

"அஞ்சு கோடெண்டாய்?"

எங்கள் போன்களில் ஐந்து கோடு இருந்தது. றோட்டோரத்துக்கு வேறு கோபுரம். பரணுக்கு மயில் வருவது குளக்கட்டுக் கோபுரத்திலிருந்து. அதற்குக் கரண்ட் போகும் கம்பத்தைத்தான் யானை சாய்த்திருந்தது. கரண்ட் போனாலும் கோபுரம் ஆறு மணித்தியாலம் பற்றரியில் ஓடும் என்று அறிக்கையின் ஒன்பதாம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். பற்றரிகளை மார்கழியிலேயே யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்பது பிறகு தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது அந்தப் பெண்ணின் குரல் மட்டும்.

யானைகள் மாமாவின் வயலுக்குள் இறங்கிவிட்டன. விளைந்த நெல் நொறுங்கும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. அமைப்பின் செயலாளர் அப்ராஸ் மோட்டார்சைக்கிளை உதைத்து, "நான் சுத்திப் போய்ச் சொல்லுறன்" என்று புறப்பட்டான். சுற்றுப்பாதை நாலு மைல், பாதி சேறு.

மாமா வெடியை எடுத்தார். மாமி அவரது கையைப் பிடித்துக்கொண்டார்.

"நானாவுக்குச் சொல்லாமக் கொளுத்தாதேங்கோ."

"அவர் பரணில இருப்பார். வெடி கேட்டா ஏன் இறங்கப்போறார்?"

"தொழுகைக்குக் கை கால் கழுவ வாய்க்காலுக்கு இறங்குற நேரம். உங்களுக்குத் தெரியாதே?"

எங்கள் எல்லோருக்கும் தெரியும். பொழுது படுகிற நேரம் நானா பரணிலிருந்து இறங்கி, வரம்பால் நூறு யார் நடந்து, வாய்க்காலில் கழுவிக்கொண்டு, அங்கேயே தொழுவார். யானை என்று கோல் வந்தால் மட்டும் பரணிலேயே இருந்து தொழுவார். கோல் வராவிட்டால் அது கலியாண வெடி. எனக்கு அந்தக் கூட்டமும் அந்தச் சிரிப்பும் ஞாபகம் வந்தன.

"மாமா, இன்னும் ரெண்டு நிமிசம். எடுத்துக்கொண்டு இருக்கிறன்."

ரெண்டு நிமிசம் தந்தார். நான் ஏழு தரம் எடுத்தேன். பெண் ஏழு தரம் மூன்று மொழியில் சொன்னாள். நெல் நொறுங்கிக்கொண்டே இருந்தது. மாமா தீப்பெட்டியை உருவினார். ஐந்தாவது வருடம் இது, ஐந்தாவது முறையாக வெட்டுக்கு முந்திய கிழமையில் யானை. மனுசனைக் குறை சொல்ல எனக்கு ஏலாது.

ஆறு வெடி. யானைகள் தலையைத் தூக்கி, திரும்பி, நேரே மேற்கே போயின. ஊர் கைதட்டியது. நான் போனைக் காதில் வைத்தபடி நின்றேன்.

அப்ராஸ் போய்ச் சேர்ந்தபோது நானா வாய்க்கால் கரையில் கிடந்தார். கால் இரண்டும் கழுவியிருந்தது.

கமக்காரர் அமைப்பு அவசரக் கூட்டம் போட்டது. முதலாம் தீர்மானம், அனுதாபம். இரண்டாம் தீர்மானம், ஸெய்னுதீன் அவர்களிடமிருந்த சிம் அமைப்பின் பெயரில் பதியப்பட்டது ஆகையால், அடுத்த காவலாளிக்குக் கொடுக்கும் பொருட்டு அதைத் திரும்பப் பெற வேண்டும். போய் வாங்கிவர ஒருவர் வேண்டும் என்றார்கள். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. ஆகவே நான்தான்.

பாலம் கடந்து கிண்ணியாவில் இறங்கி விசாரித்துப் போனேன். சுஹைராவுக்கு முப்பது வயதிருக்கும். கணவன் மௌத்தான பின் தனித்திருக்கும் இத்தாவில் உம்மா உள்ளறையில். மகள் முன்னறைக் கதிரையைக் காட்டி, "இருங்க தம்பி" என்று தேத்தண்ணி வைத்தாள். வந்த விஷயத்தைச் சொன்னேன்.

"சிம்மா?" என்றாள். கோபம் இல்லை. யாரோ வழி கேட்டதுபோல் கேட்டாள். "பொலிஸ்ல இருந்து முந்தநாத்துத்தான் போனத் தந்தாங்க. சார்ச் இல்ல. போட்டுத் தாறன், இருங்க."

அலுமாரியைத் திறந்து பொலித்தீன் சுற்றிய போனை எடுத்து, சார்ச்சில் செருகினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு வெளிச்சம் வந்தது. ஐந்து கோடும் எழும்பின.

பிறகு அது கூவத் தொடங்கியது. டிங். டிங். ஒன்று முடிய முதல் மற்றொன்று. கிடைக்காமற் போன அழைப்புகளைப் பற்றிக் கம்பனி அனுப்பும் அறிவித்தல்கள், பதினைந்து நாளாக வழியில் நின்றவை, எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தன. அவள் போனைக் கையில் எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அஞ்சு நாப்பத்தெட்டு. அஞ்சு நாப்பத்தொம்பது. அஞ்சு அம்பது. அஞ்சு அம்பது.

"இருவத்தி மூணு" என்றாள் முடிவில். "எல்லாம் ஒரே நம்பர். ஆர்ட தம்பி இது?"

"என்ர."

அவள் தலையாட்டினாள். தேத்தண்ணியில் ஆடை படர்ந்திருந்தது. எதிர்வீட்டில் ஒருவர் வானொலியின் அலைவரிசையைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ஒங்கட சிம்ம எடுங்க" என்றாள். "எடுத்துப்போட்டு இதப் போட்டுத் தாங்க."

பொலிஸ் தந்த பொலித்தீனுக்குள்ளிருந்து அவள் நீட்டியது நானாவின் வெற்றிலைக் கடதாசித் துண்டு. அதே மடிப்பு.

"அக்கா, இது ஆறு மாதமாச்சு. செத்துப்போயிருக்கும்."

"சாகல்ல. மாசா மாசம் நான் காசு போட்டு வந்தனான். வாப்பா எப்பயாவது மனம் மாறினா எண்டு."

பின்மூடியைக் கழற்றினேன். பற்றரியை எடுத்தேன். மயிலை இறக்கிச் சட்டைப் பையில் வைத்தேன். பட்டத்தை ஏற்றினேன். இரண்டு முறை தவறி விழுந்தது, அவள்தான் பொறுக்கித் தந்தாள்.

தன் போனில் பார்க்காமலே இலக்கத்தை அழுத்தினாள். பாடம்தானே.

என் கையில் இருந்த போன் அடித்தது. அதிர்ந்து அதிர்ந்து அடித்தது. நான் அதை மேசையில் வைக்கப் பார்த்தேன், "பிடிச்சிரிங்க" என்றாள். பிடித்துக்கொண்டிருந்தேன். அடித்து ஓயும்வரை அவளும் வெட்டவில்லை, நானும் எடுக்கவில்லை. ஓய்ந்ததும் மறுபடி அழுத்தினாள்.