தீக்குச்சி பற்றும் இடம்

தகனம் முடிந்த சாம்பலிலிருந்து, அவர்கள் வழக்கப்படி, நீளமான மூங்கில் குச்சிகளால் சுமியேயும் கொழுந்தன் கென்சாகுவும் அவள் புருஷனின் ஒரே எலும்பை இருபுறமும் பிடித்துச் சாடிக்குள் இறக்கினார்கள். அவள் அழவில்லை. சாடியைத் துணியில் கட்டி முடித்ததும் கேட்டாள்:

"விடுதியில கதவுக்குப் பின்னால ரம்பம் தொங்குதே, கூரா இருக்கா?"

"எதுக்கு அண்ணி?"

"அந்த மரங்கள வெட்டணும்."

எந்த மரங்கள் என்று அவன் கேட்கவில்லை.

மலையில் மரங்கள் நின்றுபோகும் விளிம்பில் இருந்தது அவர்கள் விடுதி. அவள் கல்யாணமாகி வந்த புதிதில், சமையலறை ஜன்னலுக்கு எதிரே ஃபர் என்னும் ஊசியிலை மரங்கள் காற்றடித்தே செத்து, வெள்ளை வெள்ளையாக வரிசையில் நின்றன. அவற்றின் இடுக்கில் கடைசி வளைவு வரை பாதை தெரியும். புருஷன் தோகுஜி விடுதிக்கான சுமையோடு அங்கே தலைகாட்டியதும் சூப்பை அடுப்பில் ஏற்றுவாள். அவர் உள்ளே வரவும் அது கொதிக்கவும் சரியாக இருக்கும். பிறகு செத்த மரங்களின் காலடியில் கன்றுகள் முளைத்தன. நெருக்கியடித்துக்கொண்டு, முன்வரிசைக்குக் காற்றுப் பக்கம் ஒரு கிளைகூட இல்லாமல், மெதுவாக ஆள் உயரத்துக்கு வந்து பாதையை மறைத்துவிட்டன.

நுனியையாவது வெட்டுங்கள் என்று எத்தனையோ தடவை சண்டை போட்டாள். "காத்து உள்ள பூந்துச்சுன்னா எல்லா மரமும் சேந்து போயிரும்" என்று அவர் ஒரே பாட்டைப் பாடினார்.

போன வாரம் அந்த மரங்களுக்கு அப்பால்தான், கூப்பிடு தூரத்தில், அவர் செத்துக் கிடந்தார். காற்று பலமாக இருக்கிறது, மெதுவாக வருகிறார் என்று இவள் சூப்பைத் திரும்பத் திரும்பச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். பின்னால் சுமை கொண்டுவந்த கென்சாகுதான் பார்த்தான். பார்த்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது, இதயம் சட்டென்று நின்றுவிட்டது என்றார் டாக்டர். அவருக்கென்ன, சொல்லுவார். பாதையில் தனியாகக் கிடந்து தன்னைக் கூப்பிட்டிருப்பாரோ என்ற நினைப்பு அவளை அரித்தது.

மறுநாள் காலை ரம்பத்தோடு போனாள். கென்சாகு பின்னாலேயே ஓடிவந்தான்.

"அண்ணி, வனத்துறைக்காரன் கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"புருஷன் செத்து ஒரு வாரம் ஆகலைன்னு சொல்லுவேன்."

"உள்ள மட்டும் போகாதீங்க அண்ணி."

அப்படிச் சொன்னால் யார்தான் போகாமல் இருப்பார்கள். கிளைகளை விலக்கி நுழைந்தாள். காதில் இரைந்துகொண்டிருந்த காற்று நின்றது. நடுவில் ஒரு தட்டைக்கல், உட்கார்ந்து உட்கார்ந்து வழுவழுப்பாகியிருந்தது. பக்கத்தில் காபித்தூள் டப்பா. மூடியைத் திறந்தாள். சிகரெட் துண்டுகள், தீப்பெட்டி, பாதி காலியான சிகரெட் பாக்கெட்.

"விட்டு எத்தனையோ வருஷமாச்சுன்னு சொன்னாரே."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார் மனுஷன். கூட்டாளியான கென்சாகு தலையைக் குனிந்துகொண்டான்.

"நான்தான் வாங்கிக் குடுப்பேன். இங்க உக்காந்து மூச்சு வாங்கிட்டு, ஒண்ணு இழுத்துட்டுத்தான் மேல வருவாரு. இளைக்கிறத நீங்க பாத்தா சுமை தூக்க விடமாட்டீங்களாம். இந்த மலையில ஒரே குச்சியில பத்துற எடம் இது ஒண்ணுதான்னு சொல்லுவாரு."

சுமியே கல்லைத் தடவிப் பார்த்தாள்.

"அன்னைக்கு?"

"பாதையில விழல அண்ணி. இங்கதான். சுமையில சாஞ்சு உக்காந்தாப்புல இருந்தாரு. சிகரெட் பாதிதான் எரிஞ்சிருந்துச்சு. உங்ககிட்ட மாட்டிக்குவாரேன்னு நான்தான் பாதைக்குத் தூக்கிட்டு வந்து போட்டேன்."

"செத்தவர் மாட்டிக்கிட்டா என்னடா ஆயிரும்?"

"அப்ப தோணல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதன் பின்னாலேயே, இத்தனை நாள் வராத அழுகையும் வந்தது. கென்சாகு கிளைப்பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு ரம்பத்தை அவனிடம் நீட்டினாள்.

"பழைய எடத்துலயே மாட்டிரு. நாளைக்கு அரிசி ஏத்தணும். நீ வர்றப்ப வளைவுல நின்னு ஒரு குரல் குடு. நான் சூப்பு வைக்கணும்."

"சரி அண்ணி."

பாக்கெட்டிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்து வாயில் வைத்துக் குச்சியை உரசினாள். முதல் உரசலிலேயே பற்றியது. ஒரு இழுப்பில் இருமிவிட்டு, அதைக் கல்லுக்கு முன்னால் ஊதுவத்தி போல மண்ணில் நட்டாள். புகை நேராக எழுந்து, மர நுனிகளைத் தாண்டிய பிறகுதான் வளைந்தது.